நிலம் மாறும் வழியில் நாம் கண்டது

சென்ற மார்கழித் தொடக்கத்தில் நாகபுரியிலிருந்து கன்னியாகுமரி வரை, தேசிய நெடுஞ்சாலை 44 வழியே மோட்டாரில் பிரயாணம் செய்தோம். 1,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி இது. 2010-இல் புதிய எண்கள் வழங்கப்படும்வரை 7-ஆம் எண் சாலை என்று அறியப்பட்டது. வழியில் கண்ட ஊர்களைவிட மண்ணின் மாற்றமே நம் கருத்தைக் கவர்ந்தது. அதிலிருந்து நாம் பெற்ற பாடம் நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் பொதுவானதாகலின், அதனை இங்கே எழுத முற்படுகிறோம்.

நாகபுரிக்குத் தெற்கே ஹிங்கண்காட், ஆதிலாபாத் வரை எங்கும் கரிசல். எரிமலைப் பாறை நைந்து உண்டான இம்மண் ஈரத்தை நெடுநாள் தன்னுள் வைத்திருக்கும். தென்மேற்குப் பருவமழையில் விதைத்த பருத்தி அங்கே வெடித்து வெண்மையாய் நின்றது. கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரா ஆகிய மூன்று ஆறுகளையும் கடந்து அனந்தப்பூர்ச் சீமையை அடைந்தால் செம்மண், மழை குறைவு. கடலை பிடுங்கிய நிலங்கள் வெறுமையாய்க் கிடந்தன. பெங்களூர் மேட்டு நிலத்தைவிட்டு இறங்கியதும் கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகள். சேலத்தை நெருங்க மரவள்ளி. நாமக்கல்லில் வரிசை வரிசையாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள்.

மதுரை, விருதுநகர் கடந்து கோவில்பட்டியை அடைந்தபோது மீண்டும் கரிசலைக் கண்டோம். ஆனால் வடக்கே வெடித்திருந்த பருத்தி இங்கே பசுமையாய் நின்றது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுவதால், இதன் அறுவடை மாசி, பங்குனியில்தான். மேலும் ஒன்று கண்டு திகைத்தோம். முன்பு பருத்தி விளைந்த புலங்கள் பலவற்றில் இன்று மக்காச்சோளம் விளைகிறது.

விவசாயிகளை இதற்காகக் குறைகூற நாம் ஒருப்படோம். பருத்தி எடுக்கக் கூலி மிகுதி, விலையோ நிலையற்றது. மக்காச்சோளத்திற்கோ நாம் வழியில் கண்ட கோழிப்பண்ணைகளே தீவனத்திற்காக வாங்கும் கைகளாக இருக்கின்றன. நிலத்தின் தோற்றத்தை மண்ணும் மழையும் மட்டும் நிர்ணயிப்பதில்லை. தவறாது வாங்குவோர் யார் என்பதும் நிர்ணயிக்கிறது. பருத்திக்கு அப்படி ஒருவர் இல்லாதது யார் குறை? நூல் விலை ஏறும்போது மட்டும் பருத்தியை நினைக்கும் நம் நெசவாளர் சங்கங்களுக்கும் அக்குறையில் பங்கு உண்டு.

கரிசலின் நாட்டுப் பருத்தியாகிய கருங்கண்ணி, குட்டை இழையுடையது. மெல்லிய நூலுக்கு உதவாது என்பர். உண்மையே. எனினும் போர்வைக்கும் துண்டுக்கும் ஜமக்காளத்திற்கும் தடித்த நூல்தானே வேண்டும்? புரட்டாசியில் விதைப்பு தொடங்குமுன் நெசவாளர் சங்கங்களும் விவசாயிகளின் சங்கங்களும் ஒன்றுகூடி, இவ்வளவு பருத்தி, இன்ன விலைக்கு என ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். அரைப்பதற்கும் நூற்பதற்கும் ஆலை ஏற்பாட்டையும் அப்போதே முடிவு செய்யட்டும். முதலாண்டு சிறிய அளவே போதும். நஷ்டம் நேரின் இருதரப்பும் பகிர்ந்துகொள்ளலாம்.

சேலத்தில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர் 1981-இல் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தம் சரக்கின் விற்பனைக்கு ஒரு பொது இடம் கண்டனர். மரவள்ளிக்குக் கைகூடியது பருத்திக்குக் கைகூடாதா? அங்கத்தினர்கள் தத்தம் சங்கப் பொதுக்குழுவில் இதனை எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த மார்கழியில் அவ்வழியே செல்வோர், கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி சிறிதேனும் பெருகியிருக்கக் காணட்டும்.