கார்புரேட்டரும் கருப்பசாமியும்

1996-ல் அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் அதற்கு இழுப்பு வந்துவிட்டது. சிக்னலில் நின்றால் அணையும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது, 12-க்கு இறங்கிவிட்டது.

நான் பி.காம். செலவு ஏறினால் எனக்குத் தூக்கம் வராது.

"கார்புரேட்டர் போச்சு சார். வெளி மார்க்கெட்ல புதுசு இருக்கு. நாலு நட்டைக் கழட்டி மாட்டினா முடிஞ்சுது. மைலேஜ் 20 கியாரண்டி!" என்றார் மெக்கானிக்.

நாலாயிரம் ரூபாய். மாட்டியாச்சு. பழையதை எடைக்குப் போடப் போனவனை அப்பா தடுத்தார். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்டா."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வேண்டுதலுக்காக அழகர்கோவில் கிளம்பினோம். கடச்சனேந்தல் தாண்டியதும் பின்னால் கரும்புகை. அப்பன்திருப்பதியில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றேவிட்டது. குப்பென்று பெட்ரோல் வாசனை. அம்மா வாட்ச்சைப் பார்த்தாள். மதியம் நடை சாத்திவிடுவார்களே!

ரோட்டோர ஷெட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பேசாமல் ப்ளக்கைக் கழற்றிக் காட்டினார். அட்டைக்கரி.

"ப்ளக் காபி கலர்ல இருக்கணும் தம்பி. ஒரு கிராம் பெட்ரோல் எரிய சுமாரா 15 கிராம் காத்து வேணும். இதுல ஜெட் ஓட்டை பெரிசு, மிதவை மட்டமும் ஏத்தம். உங்க வண்டி பெட்ரோல் குடிக்கலை, குளிக்குது!"

"நட்டெல்லாம் சரியாப் பொருந்துச்சே?"

"சட்டை பொருந்துச்சுன்னு பொண்ணு கொடுத்துருவீங்களா? பழசு எங்கே?"

அப்பா பிஸ்கட் டப்பாவை நீட்டினார். முகத்தில் அப்படியொரு வெற்றி!

பெரியவர் பழையதைப் பிரித்தார். கிண்ணத்தின் அடியில் வண்டல், ஜெட்டில் அடைப்பு, ஊசி வால்வில் தேய்மானம், டயாபிரம் ரப்பர் அப்பளமாய் விறைத்திருந்தது. "இப்போ பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க. பழைய ரப்பருக்கு அது ஆகாது. இது சாகலை தம்பி, அழுக்குப் பிடிச்சுக் கிடக்கு."

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் சர்வீஸ் கிட் அவரிடம் இருந்தது. கழுவி, ஊதி, கேஸ்கட், ஊசி வால்வு, டயாபிரம் மாற்றி மாட்ட இரண்டரை மணி நேரம். கிட், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். நாலாயிரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? வாராக்கடன்தான்!

கோயிலுக்குப் போனால் பெருமாள் நடை சாத்தியாச்சு. எனக்கு அம்மா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவளோ நேராகப் பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் போய் நின்றாள்.

"இந்தக் கதவு பெரும்பாலும் சாத்தித்தான் இருக்கும். இவருக்கு நேரம் காலம் கிடையாது. சாயங்காலம் நடை திறக்கட்டும், அழகரைப் பார்த்துட்டே போவோம். அதுக்கு முன்னாடி நீ இங்கே ஒரு சத்தியம் பண்ணு. இனிமே எதையும் பிரிச்சுப் பார்க்காம மாத்தமாட்டேன்னு சொல்லு."

மதுரைக்காரன் கோர்ட்டில் கூடப் பொய் சொல்லுவான். கருப்பர் முன்னால் சொல்லமாட்டான். பண்ணினேன்.

அந்த 20 கிலோமீட்டர் கியாரண்டிக்காரரையும் ஒருநாள் இங்கே கூட்டி வரணும் சார். வருவார் என்கிறீர்கள்?