அட்டனுக்கு லேசர் வரட்டும். சட்டத்தை முதலில் எழுதுவோம்

மலைநாட்டிற்கு இயந்திரம் புதியதன்று. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட பின்னர், அதிக காலம் செல்லுமுன்னரே இலை உருட்டும் பொறி இம்மலைகளில் ஏறியது. அதன் பின் பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சன் உருவாக்கிய சிரோக்கோ உலர்த்தியும் வந்து சேர்ந்தது. அவற்றின் அருகில் இரவும் பகலும் நின்றவர்கள் எம்மக்கள். ஆனால் அப்பொறிகளைப் பற்றிய அறிவு எவரிடம் இருந்தது? துரையின் பங்களாவிலும் டீ மேக்கரின் மேசையிலும் இருந்தது. ஸ்டோருக்குள் நின்ற தொழிலாளியிடம் கேட்கப்பட்டவை இரண்டு கைகள் மாத்திரமே. “அதைத் தொடாதே” என்பதே அவனுக்குக் கிடைத்த பாதுகாப்புக் கல்வி. ஏன் தொடலாகாது என்று விளக்கியவர் அரியர். ரோலரில் விரலைப் பறிகொடுத்த முதியவர் ஒருவரேனும் இல்லாத தோட்டத்தை நாம் கண்டது குறைவு.

இப்பழைய கணக்கை இப்போது எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஊர்மக்கள் ஒன்றுகூடி, பொதுவில் கருவிகளை வைத்து, தாமே கற்றுத் தாமே செய்யும் பட்டறைகள் இன்று உலகெங்கும் தோன்றியிருக்கின்றன. மேக்கர்ஸ்பேஸ் என்றும் ஃபேப் லேப் என்றும் அவற்றைக் கூறுகின்றனர். இவை பணக்கார நாட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. கல்விக்கூடத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கிய இம்முயற்சி, அந்நாட்டிற்கு வெளியே முதன்முதல் கால் ஊன்றிய இடங்களுள் ஒன்று, மகாராஷ்டிரத்தின் பாபல் என்னும் வறண்ட விவசாயக் கிராமம். அங்கே கலாநிதி கல்பாக் 1983ஆம் ஆண்டு நிறுவிய விஞ்ஞான ஆசிரமத்தில் 2002ஆம் ஆண்டு அப்பட்டறை அமைந்தது. இன்னொன்றும் கூறுவோம். பலகை வெட்டும் லேசர்ப் பொறிகளில் பெரிதும் பயன்படும் காபனீரொட்சைட்டு லேசரை 1964ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்த குமார் பட்டேல், அதே புனே மாவட்டத்துப் பாராமதியில் பிறந்தவர். உழவர் நாட்டிற்கு இக்கருவி அந்நியமானதென எவரும் எமக்குக் கூற வேண்டியதில்லை.

ஆகவே அட்டனிலோ நுவரெலியாவிலோ இத்தகைய பொதுப் பட்டறை ஒன்று வேண்டும் என்று இளைஞர் கேட்டால், நாம் அவர்கள் பக்கமே நிற்போம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் முடிந்ததும் பிள்ளை சான்றிதழுடன் லயத்துக்குத் திரும்புகிறான். கருவி நிலையத்திலேயே நின்றுவிடுகிறது. கற்றது மறவாதிருக்கக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மரக்கறிப் பெட்டிக்கு அடையாளமிடும் அச்சுத்தகடு, பாடசாலைக்கு விஞ்ஞான மாதிரிகள், கடைக்குப் பெயர்ப்பலகை, உடைந்த சிறு கருவிக்கு மாற்றுத் துண்டு என அதனால் ஆகும் வேலை பல.

ஆயினும் அக்கருவி எத்தகையது என்பதைத் தெரிந்தே வரவேற்க வேண்டும். அதன் கதிர் 10.6 மைக்குரோமீற்றர் அலைநீளமுடையது, கண்ணுக்குப் புலப்படாதது. கதிரை மாத்திரம் எடுத்தால் அது நான்காம் வகுப்பு லேசர், அதாவது அபாயத்தில் உச்ச வகுப்பு. மூடிய பெட்டிக்குள் இயங்குவதனாலும், மூடியைத் திறந்தவுடன் கதிரை நிறுத்தும் ஆளி ஒன்று இருப்பதனாலுமே அது முதலாம் வகுப்பின் சாதுவான பொறியாகிறது. வேலையைத் துரிதப்படுத்துவதற்காக அந்த ஆளியை ஒரு கம்பித் துண்டினால் ஏமாற்றி விடுபவன், பூனையை வெளியே விட்டுப் புலியை உள்ளே அழைத்தவனாவான்.

கதிரினும் அடிக்கடி கேடு செய்வது தீ. ஒட்டுப்பலகையும் அட்டையும் அக்ரிலிக்கும் வெட்டுப்படுவது வெப்பத்தினாலேயே. காற்றூதும் குழாய் அடைபட்டாலோ, கதிர் ஓரிடத்தில் தயங்கி நின்றாலோ சுடர் எழும். தட்டின்கீழ்ச் சேர்ந்த துண்டு துணுக்குகள் அதற்கு விறகாகும். பொறி ஓடும்போது தேநீர் குடிக்க எழுந்து செல்லலாகாது என்பது இதனாலேயே. லயங்களில் ஓர் அறையில் பற்றிய தீ, தொடர்ந்த கூரை வழியாக வரிசை முழுவதையும் கொள்ளும் என்பதை எம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறி வரும்வரை நெருப்புக் காத்திராது. ஆதலின் காபனீரொட்சைட்டு அணைப்பானும் தீப்போர்வையும் பொறியின் அருகிலேயே இருத்தல் வேண்டும். பூட்டிய அலுமாரியில் அன்று.

நச்சுப் புகையோ மலைநாட்டிற்கே உரிய சங்கடம் ஒன்றைக் கொண்டுவருகிறது. குளிருக்கு அஞ்சி நாம் கதவு சன்னலை அடைப்பவர்கள். அடைத்த அறையில் லேசரை இயக்கினால் புகை முழுவதும் நுரையீரலுக்கே. விசிறியும் குழாயும் புகையை வெளியே கொண்டுசெல்ல வேண்டும். அக்குழாயின் வாய் அடுத்த வீட்டுச் சன்னலை நோக்கியிருக்கவும் கூடாது. பீ.வீ.சீ. கலந்த எதனையும் பொறிக்குள் வைக்கலாகாது. அது சூடேறும்போது ஐதரசன் குளோரைட்டு வாயு எழுந்து மூச்சுக்குழாயை அரிக்கும். பொறியின் உலோகத்தையும் துருவாக்கும். பைகளுக்கும் இருக்கை உறைகளுக்கும் பயன்படும் ரெக்சின் பெரும்பாலும் இவ்வினத்தது. தேர்தல்தோறும் எம்போன்ற கட்சிக்காரர் மரத்துக்கு மரம் கட்டும் பிளெக்ஸ் பதாகையும் இவ்வினத்ததே. தேர்தல் முடிந்ததும் அவற்றைப் பட்டறைக்குத் தானமாக அனுப்பும் தாராள மனம் படைத்தோர் தயவுசெய்து பொறுத்தருள்க.

உறைபனியையும் கூற வேண்டும். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்குப் பயிர் கருகுவதை விவசாயிகள் அறிவர். லேசரின் கண்ணாடிக் குழாயைக் குளிர்விக்க நீர் ஓடுகிறது. இரவில் அந்நீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். அக்குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ற்று. புவித்தொடுப்பு ஒழுங்காக இல்லாத பழைய கட்டடத்தில் பொறியை வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். வெளிநாட்டுக் கையேடு மலைநாட்டுப் பனியையும் பழைய மின்கம்பியையும் அறியாது. அறிந்தவர்கள் நாமே, ஆகவே விதிகளில் ஒரு பகுதியையேனும் நாமே எழுத வேண்டும்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடச் சொல்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் காயமுற்ற தொழிலாளிக்குப் பணம் கொடுக்கச் சொல்கிறது. குறைகள் உளவெனினும் இவை எமக்கு அரண்கள். ஆனால் இரண்டும் எதன்மேல் நிற்கின்றன? வேலைக்கு அமர்த்தியவர், அமர்த்தப்பட்டவர் என்னும் உறவின்மேல். பொதுப் பட்டறையில் அந்த உறவு இல்லை. அங்கே பொறியை இயக்கும் பெண், ஊழியர் அல்லர், உறுப்பினர். அவர் கண்ணிழந்தால் நட்டஈட்டு ஆணையாளரிடம் சென்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்குமா என்பது பெருஞ் சந்தேகம். கவனக்குறைவுக்காக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாமே எனின், தொடுக்கலாம்; எவர்மீது? தம் அயலவர்மீதும் தம் சங்கத்தின்மீதும். அவ்வழக்கு முடிவதற்குள் அவர் பிள்ளைகள் வளர்ந்துவிடுவர்.

இவ்விடைவெளியை நிரப்புவதற்குப் பலர் கையாளும் உபாயம், “எது நேரினும் நானே பொறுப்பு” என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவது. தொழில்முறையில் இத்தகைய தாள்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் கையெழுத்து நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது ஒருபுறமிருக்க, அத்தாள் காப்பது பட்டறையையேயன்றிப் பிள்ளையை அன்று. வாசித்து விளங்காத மொழியில் எழுதிய தாளாயின், கைநாட்டு வாங்கி ஆட்பிடித்த கங்காணிக் காலத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தாளுக்குப் பதிலாகத் தேர்வு வைப்போம். மூடியாளி ஏன் இருக்கிறது, ரெக்சின் ஏன் ஆகாது, சுடர் கண்டால் முதலில் எந்த ஆளியை அழுத்துவது என்பவற்றைக் கற்பவர் தம் வாயால் விளக்க வேண்டும். பின்னர் அறிந்தவர் ஒருவர் அருகில் நிற்கப் பல தடவை வெட்டிக் காட்ட வேண்டும். அதன் பின்னரே தனித்து இயக்கும் அனுமதி. கேள்வியும் விடையும் தமிழில் இருக்க வேண்டும். சிங்கள அயலவருக்குச் சிங்களத்தில். சங்கத் தலைவரின் மகனுக்கும் சலுகை இல்லை. அரசியல்வாதி பார்வையிட வந்தால் அவரும் தேர்வின்றிப் பொறியைத் தொடலாகாது. சிறு தீயும் சிறு காயமும் அஞ்சாமல் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். எழுதியவனைத் தண்டித்தால் அடுத்தவன் மறைப்பான். மறைத்த தீயே நாளை கூரையில் ஏறும்.

“இவ்வளவு கட்டுப்பாடு இட்டால் இளைஞர் வருவார்களா?” என்று கேட்பாருமுளர். வரும் இளைஞர் வாசலில் நிறுத்தப்பட்டால், அவர்கள் தபாலில் திறந்த சட்டத்து நீலக்கதிர் லேசரை மலிவாக வாங்கி லயத்து அறையிலேயே வைப்பர் என்பது மெய்யான அச்சந்தான். அப்பொறிக்கு மூடியே இல்லை. ஏறத்தாழ 450 நனோமீற்றர் அலைநீளமுடைய அதன் ஒளி நேரே விழித்திரையைச் சுடும். காபனீரொட்சைட்டு லேசருக்கென வாங்கிய கண்ணாடி அதனைத் தடுக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. அந்த இளைஞரைப் பட்டறைக்குள் அழைத்து வரும் வழி, தேர்வை எளிதாக்குவதன்று. கற்பிப்போரைக் கூட்டுவதும், வேலை முடிந்த மாலைநேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கதவைத் திறந்து வைப்பதுமே.

இதற்குப் பணம் வேண்டும். நன்கொடையாளர் பொறியின் விலையைத் தருவார்; திறப்புவிழாவில் நாடா வெட்டுவார். புகைக்குழாய், அணைப்பான், புவித்தொடுப்பு, கற்பிப்பவரின் சம்பளம், உறுப்பினருக்கான விபத்துக் காப்புறுதி ஆகியவை மதிப்பீட்டில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அட்டனிலாயினும் நுவரெலியாவிலாயினும் இம்முயற்சியில் இறங்குவோர் முதல் மதிப்பீட்டிலேயே இவற்றைச் சேர்த்து எழுதட்டும். இவற்றுக்குப் பணம் தர மறுப்பவரிடம் பொறியையும் வாங்க வேண்டாம் என்பதே நமது கருத்து.