கூடாரம் அடிக்கும் முன்

தேர்வு முடிந்ததும் மலைக்குப் போக வேண்டும் என்ற பேச்சு விடுதி எங்கும் எழுந்துவிட்டது. நம் மன்றத்தின் சார்பிலும் சூன் மாதத்தில் இமயமலைச் சாரலில் ஐந்து நாள் முகாம் நடத்த எண்ணியுள்ளார்கள். நல்ல முயற்சி, மனமார வரவேற்கிறேன். ஆனால் சென்ற கூட்டத்தில் முகாமுக்கென்று காட்டப்பெற்ற மூன்று இடங்களும் ஆற்றங்கரைகள். பச்சைப் புல், வெள்ளை நுரை, வரிசையாகக் கூடாரங்கள்! படங்கள் கண்ணைக் கவர்ந்தன, கைதட்டல் எழுந்தது. அந்த ஆறு எங்கிருந்து வருகிறது, இரவில் எவ்வளவு உயரும், மேலே அணை உண்டா என்ற கேள்விகள் மட்டும் எழவில்லை. அவற்றை எழுப்பவே இந்தக் கட்டுரை.

முகாமுக்கு இடம் தேர்வது கண்ணின் வேலை அன்று, அறிவின் வேலை. இதுவே நான் சொல்ல விரும்புவது.

ஆற்றங்கரை நமக்கு இனிப்பது இயல்பு. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் கட்டுச்சோறு உண்டவர்கள் நாம். வைகை மணலில் திருவிழாக் கண்டவர்கள் நாம். கோடையில் வற்றிய ஆறு நமக்கு வீட்டு முற்றம் போன்றது. இந்தப் பழக்கத்தை மூட்டை கட்டி இமயத்துக்கு எடுத்துச் செல்லக்கூடாது. அங்கே கோடைதான் ஆறு பெருகும் காலம். பகல் வெயிலில் பனி உருகும். உருகிய நீர் கீழே வந்து சேர மணிக்கணக்காகும். காலையில் முழங்காலளவு நீரில் நாம் சிரித்துக்கொண்டே கடந்த ஓடை, மாலையில் இடுப்பளவு உயர்ந்து ஆளை இழுக்கும். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கலாம். பத்துக் கல் தொலைவில் மலைமுகட்டில் பெய்த மழை நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கலாம்.

2014ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் மாலை, இமாசலப் பிரதேசத்து மண்டி மாவட்டத்தில், பியாசு ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர் ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள். மேலே இருந்த லார்ஜி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்களும் உடன் வந்த சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும் மாண்டனர். அவர்கள் நம் வயதினர். நம்மைப் போலவே தேர்வு எழுதிவிட்டு மலை காண வந்தவர்கள். 2022 சூலை 8ஆம் நாள் அமர்நாத் குகைக்கு அருகே, ஓடையை ஒட்டி அமைந்திருந்த கூடாரங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. 15 பேருக்குக் குறையாமல் இறந்தனர். 2025 ஆகஸ்டு 5ஆம் நாள் உத்தரகாண்டத்துத் தராலி ஊரில் வீடுகளும் விடுதிகளும் சேற்றில் புதைந்தன. அந்த ஊரின் அப்பகுதி, பக்கத்து மலையோடை காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மண்மேட்டின் மீது எழுந்தது. ஓடை பழைய வழியைத் தேடி வந்தது, அவ்வளவே.

இமயப் பள்ளத்தாக்குகளில் சமநிலம் அரிது. சிற்றோடை பேராற்றில் கலக்கும் இடத்தில் விசிறி விரித்தாற்போல் சமமாக ஒரு திடல் கிடந்தால், கூடாரம் அடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்றே தோன்றும். அந்தத் திடலை உண்டாக்கியதே வெள்ளந்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிலம் தன் வரலாற்றைத் தானே எழுதி வைத்திருக்கிறது. புதர்க் கிளைகளில் சருகும் கந்தலும் சிக்கியிருக்கின்றனவா? மரத்தில் சேற்றுக்கோடு தெரிகிறதா? அந்த உயரம் வரை நீர் வந்து போயிருக்கிறது. செங்குத்தான பாறையின் அடியில் கற்கள் கிடக்கின்றனவா? அவற்றின் மேல் கற்பாசி படர்ந்திருந்தால் அவை விழுந்து நெடுங்காலம் ஆயிற்று. உடைந்த முகம் வெளுப்பாக, புதிதாக இருந்தால் இன்னும் விழும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், அல்லது காரணமின்றிக் குறைந்தாலும், பொருள்களைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். குறைந்தது என்றால் மேலே மண் சரிந்து நீரை அடைத்திருக்கலாம். அடைப்பு உடையாமல் இராது.

‘இப்படியெல்லாம் அஞ்சினால் இன்பம் ஏது?’ என்று சிலர் கேட்பார்கள். காவலான இடமே சுகமான இடமும் ஆகும் என்பதே என் விடை. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தின் அடியில் தேங்கும். ஆற்றோரத்தில் நடுங்கிக்கொண்டு கிடப்பவன், சற்றே மேலே திட்டில் படுத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுவான். அதற்காக மலைமுகட்டுக்கே ஏறிவிடக்கூடாது. அங்கே காற்றும் இடியும் காத்திருக்கும். தனி மரத்தடி வேண்டாம். பட்ட கிளை தொங்கும் மரத்தடியும் வேண்டாம். இடம் தவறினால் குளிர். குளிருக்கு அஞ்சிக் கூடாரத்துக்குள்ளே கரியடுப்பை வைத்து உறங்குவோர் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கியவர் விழிப்பதில்லை.

நீர் மட்டுமா பகை? நெருப்பும் உண்டு. 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காய்ந்த புல் சரிவில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினருள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். தீ மேட்டை நோக்கி விரைந்து ஏறும். ஓடுகின்ற மனிதன் மேட்டில் தளர்ந்து போவான். உத்தரகாண்டத்துச் சீர் மரக் காடுகளில் கோடையில் உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைகள் ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. விலங்கின் வழியும் உண்டு. 2021 சனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த இளம் ஆசிரியை ஒருவர் யானையால் மிதியுண்டு இறந்தார். யானை நடந்த தடமும் நீர்த்துறையும் நமக்கு உரிய படுக்கையறை அல்ல.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்குச் சொன்னது மாணவனுக்கும் பொருந்தும். நம் வலிமை என்ன? நாம் சமவெளி மக்கள். 2,500 மீட்டருக்கு மேலே போனால் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். 3,000 மீட்டரைத் தாண்டிய பின், உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர் கூறும் நெறி. மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். சந்திரதால் ஏரி 4,200 மீட்டருக்கும் மேல். காலையில் முன்னதில் புறப்பட்டு இரவு பின்னதன் அருகே படுப்பதை வீரம் என்று சொல்ல மாட்டேன். காலம் என்ன? பிற்பகல் மூன்று மணிக்குள் இடம் சேர்ந்தால்தான் மண்ணையும் மரத்தையும் மேட்டையும் பார்த்துத் தேர முடியும். இருட்டில் வந்து சேர்ந்தவனுக்குத் தேர்வு இல்லை. கிடைத்த இடத்தில் படுப்பான்.

‘ஆண்டுதோறும் அங்கே கூடாரம் போடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே’ என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம். பத்து ஆண்டு நமக்கு நீண்ட காலம். ஆற்றுக்கு அது ஒரு நொடி. ‘கூடாரக்காரருக்குத் தெரியாதா?’ என்பது இன்னொன்று. அவருக்குத் தெரியும், ஆனால் ஆற்றங்கரைக்கே வாடகை மிகுதி என்பதும் அவருக்குத் தெரியும். வாடகை வாங்காதவரைக் கேளுங்கள். ஆடு மேய்ப்பவர், விறகு சுமக்கும் மூதாட்டி, தேநீர்க்கடைக் கிழவர் ஆகியோர் அந்த மலையில் பல மழைக்காலம் கண்டவர்கள். இடையர் இரவில் கிடை போடும் இடத்தைப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

இங்கேதான் நம்மவர்க்கு ஒரு தடை. இந்தி தட்டுத் தடுமாறும்; கேட்கக் கூச்சம்; எவனாவது சிரிப்பான் என்ற எண்ணம். அதனால் வாய் மூடிக்கொண்டு, காட்டிய இடத்தில் படுத்துக்கொள்கிறோம். இலக்கணம் பிழைத்தால் என்ன, நண்பர்களே? ‘பானி கஹாம் தக் ஆத்தா ஹை?’ என்று கேளுங்கள். நீர் எதுவரை வரும் என்பது பொருள். ஆண்பால் பெண்பால் தவறினாலும் அந்தக் கிழவர் கையை உயர்த்திப் பாறையில் ஓர் இடத்தைக் காட்டுவார். அந்தக் கை போதும். மொழிக்கூச்சத்துக்காக உயிரைப் பணயம் வைப்பது தமிழ்ப்பற்றும் ஆகாது, மானமும் ஆகாது.

மன்றத்தார்க்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று: படம் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள், இருவர் முன்னதாகச் சென்று நிலத்தைப் பார்த்து, மேலே அணை உண்டா என்று விசாரித்து, வனத்துறையின் இசைவையும் கேட்டு வரட்டும். செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம். இரண்டு: முகாம் சென்றபின் யாரேனும் ஒருவர், முதலாண்டு மாணவியே ஆயினும், ‘இந்த இடம் வேண்டாம்’ என்று காரணம் கூறினால், பெரும்பான்மை எண்ணிப் பாராமல் இடம் மாறுவோம். தண்ணீர் வாக்கெடுப்புக்குக் கட்டுப்படாது. மூன்று: இரவில் முறை வைத்து இருவர் இருவராய் விழித்திருப்போம். தப்பிச் செல்லும் மேட்டுவழியை, விளக்கின்றி நடக்குமளவுக்குப் பகலிலேயே எல்லோரும் ஒருமுறை ஏறிப் பார்த்து வைப்போம்.

அடுத்த கூட்டத்தில் இடம் முடிவாகப் போகிறது. படங்களோடு நிலப்படமும் மேசைமேல் விரிக்கப்படட்டும். ஆற்றின் பாட்டைத் திட்டின் மேல் படுத்தும் கேட்கலாம். அங்கேயே கேட்போம்.