பம்பு அப்புறம், முதல்ல குழியைப் பார்ப்போம்



போன சனிக்கிழமை சாயங்கால மழையில் நம்ம ஆலயத்தின் கீழ்த்தள மண்டபத்துக்குள்ள தண்ணி புகுந்தது எல்லாருக்கும் தெரியும். அன்னதான அரிசி ஆறு மூட்டை வீணாப் போச்சு. ராத்திரி 11 மணி வரைக்கும் வாளியால மொண்டு ஊத்தினோம். கூட நின்ற எல்லாருக்கும் நன்றி.

இப்போ பெரிய பம்பு வாங்க நன்கொடை திரட்டலாம்னு பேச்சு நடக்குது. பம்பே வேண்டாம்னு நாங்க சொல்லலை. ஆனா அது முதல் வேலை இல்லை என்பதுதான் தொண்டூழியர்களாகிய எங்கள் கருத்து.

தண்ணி படிக்கட்டு வழியா வரலை. மண்டபத்துக்கு வெளிச்சம் கிடைக்கட்டும்னு ஜன்னல்களுக்கு வெளியே தரைக்குக் கீழே குழி கட்டியிருக்கே, அது நிரம்பி ஜன்னல் இடுக்கு வழியாத்தான் வந்தது. மறுநாள் காலையில் அந்தக் குழிகளைச் சுத்தம் பண்ணினோம். அடியில் இருக்கும் வடிகால் வாய் முழுக்க மாலை நார், வாழை இலை, பால் பாக்கெட், ஊறிப்போன பூ. குழாய்க்குள்ள எண்ணெயும் சோறும் சேர்ந்து கட்டியாவே இருந்தது.

சிலர், "அம்மாள் சோதிக்கிறா"ன்னு சொன்னாங்க. அம்மாளைக் குறை சொல்ல வேண்டாம். அவளுக்குச் சூட்டின மாலையை லோங்காங்கில் தள்ளிவிட்டது நாமதான். இதுல எங்களுக்கும் பங்கு உண்டு. அன்னதானம் முடிஞ்சதும் அவசர அவசரமா தண்ணி அடிச்சு எல்லாத்தையும் ஓரமாத் தள்ளுறது எங்க பழக்கம்தான்.

2010 ஜூன் 16-ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோடு வெள்ளம் ஞாபகம் இருக்கா? இரண்டு மணி நேரத்துல சுமார் 100 மில்லிமீட்டர் மழை. கடைத்தொகுதிகளின் கீழ்த்தளமெல்லாம் தண்ணி. ஸ்டாம்ஃபர்ட் கால்வாயில் குப்பை அடைச்சுக்கிட்டதும் ஒரு காரணம்னு அப்பவே சொன்னாங்க. அவ்வளவு பெரிய கால்வாய்க்கே அந்த நிலைமைன்னா, நம்ம குழியின் சின்னக் குழாய் எம்மாத்திரம்?

பம்பு, தண்ணி உள்ளே வந்த பிறகு செய்ற வைத்தியம். மின்சாரம் போனா நின்னுடும். மாலை நார் சுத்திக்கிட்டாலும் நின்னுடும். குழிக்குள்ள தண்ணி இறங்காம பார்த்துக்கிறதுதான் முக்கியம். அதனால நிர்வாகத்திடம் நாங்க கேட்பது இவ்வளவுதான்:

முதலாவது, கூரைத் தண்ணி இறங்குற குழாய் நேரா குழி ஓரத்துல கொட்டுது. அதை நீட்டி வடிகாலில் விடணும்.

இரண்டாவது, குழியின் விளிம்பு தரையோட தரையா இருக்கு. ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டணும். சுற்றியுள்ள தரையும் வெளிப்பக்கம் சரியணும்.

மூன்றாவது, மேலே காத்து போற மாதிரி இடைவெளி விட்டு சாய்வான கூரைத் தகடு போடணும். அடி வடிகாலுக்குக் கழற்றிச் சுத்தம் பண்ணக்கூடிய வலை வேணும்.

நான்காவது, வெளி வடிகால் நிரம்பினா தண்ணி திரும்பி வராம தடுக்கும் வால்வு.

இதெல்லாம் செஞ்ச பிறகும் பம்பு தேவைன்னா வாங்குவோம். நன்கொடைப் பெட்டிக்கு நாங்களே வருவோம்.

பக்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலையும் இலையும் வாளியில் போடுங்க, தரையில் வேண்டாம். எங்க பக்கத்துல, வாரம் ஒரு முறை குழியைத் திறந்து பார்ப்போம். அங்கே தண்ணி தேங்கினா கொசு பெருகும். டெங்கி வந்தா அரிசி மூட்டையோட போகாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கறதுக்கு முன்னாடி இதை முடிச்சாகணும். வர்ற ஞாயிறு காலை 7 மணிக்கு ஆலயத்தில் கூடுறோம். பழைய சட்டை, ரப்பர் காலணி போட்டுட்டு வாங்க. வேலை முடிஞ்சதும் இட்லி, சாம்பார் உண்டு. தட்டைக் கழுவும் முன்னாடி மிச்சத்தை வாளியில் கொட்டிடுங்க!