ஏட்டில் இல்லாத தேர்வு

கல்வி என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன புத்தகமும் பேனாவும்தாம். ஸ்பானரும் எண்ணெய்த் துணியும் தோன்றுவதில்லை. கலைக் கல்லூரி மாணவனுக்கு எஞ்சினோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பிரித்துப் போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் ஒன்றைத் தன் கையாலேயே பூட்டி, முதன்முறையாக ஓடவைப்பது எந்தப் பல்கலைக்கழகத் தேர்வுக்கும் குறைந்ததன்று என்பது என் கருத்து. அந்தத் தேர்வில் நம் பகுதி மக்கள் நெடுங்காலமாகவே தேறி வருகிறார்கள். நாம்தான் அதைக் கல்வி என்று ஏற்க மறுக்கிறோம்.

ஸ்போர்ட்ஸ் கார் சீமைச் செல்வந்தரின் விளையாட்டுப் பொருள், அதற்கும் எண்ணூருக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டே நம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி வெளியிட்டது. 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது அந்த நிறுவனமே. அதே ஏ-40 காரின் 1,200 சி.சி. எஞ்சினில் இரண்டு கார்பரேட்டர்களைப் பொருத்தி, 1950-இல் ஏ-40 ஸ்போர்ட்ஸ் என்ற திறந்த காரை இங்கிலாந்தில் செய்தார்கள். அந்த எஞ்சினின் வழிவந்தது 1,489 சி.சி. எஞ்சின். 1955-இல் எம்.ஜி.ஏ. என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது அது. நம் தெருக்களில் ஓடிய அம்பாசிடரில் இருந்ததும் அதன் உடன்பிறப்பே. அப்படியானால், டாக்சிகளைப் பழுது பார்த்த நம் பட்டறை மேஸ்திரிகள் ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினுக்கும் மருத்துவர்கள் அல்லரா?

அக்கம்பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், போருக்குப் பின் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. சாதாரணக் கார்களின் எஞ்சினைக் கொட்டகையில் பிரித்துத் திருத்திக்கொண்டு வந்து ஓட்டியவர்கள் அங்கே பலர். கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி கார் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிக் காட்டினார்.

இனி அந்தத் தேர்வைப் பார்ப்போம். எங்கள் தெருப் பட்டறையில் விடுமுறை நாட்களில் நான் கைவேலைக்கு நிற்பதுண்டு. பூட்டி முடித்த எஞ்சினை உடனே முடுக்க அங்கே யாரும் விடமாட்டார்கள். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். எண்ணெய் அழுத்தமானியின் முள் எழுந்த பிறகே அடுத்த வேலை. எண்ணெய் சேராத பேரிங் சில விநாடிகளிலேயே தேய்ந்துவிடும்; பல வார உழைப்பு பாழாகும். அடுத்தது டைமிங். முதல் சிலிண்டரின் பிஸ்டன் ஒரு சுழற்சியில் இருமுறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை பெட்ரோல் கலவையை அழுத்திக்கொண்டு வருகிறது. மறுமுறை புகையை வெளியேற்றிக்கொண்டு வருகிறது. இரண்டாவதை முதலாவதென்று கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினால், எஞ்சின் ஓடாது. கார்பரேட்டர் வழியே தீ கக்கும். ஆகவே பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் சாவியைத் தொடுவதில்லை.

எஞ்சின் உறுமி எழுந்தவுடன் கைதட்டிவிட்டு அணைத்துவிடவும் கூடாது. மெதுவாக ஓடவிடவும் கூடாது. கேம் ஷாஃப்டும் புதிய டேப்பட்டுகளும் ஒன்றோடொன்று பழக வேண்டிய நேரம் அது. வேகம் குறைந்தால் அவற்றின்மேல் போதிய எண்ணெய் சிதறாது. நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றில், ஏறத்தாழ 20 நிமிடம் ஓடவேண்டும். அந்த 20 நிமிடமும் ஒரு கண் எண்ணெய் அழுத்தத்தின்மீது, ஒரு கண் வெப்பத்தின்மீது, காது முழுவதும் ஓசையின்மீது. மனப்பாடம் இங்கே உதவாது. எந்த நட்டை எத்தனை கவனத்தோடு முறுக்கினோம் என்பதற்கு எஞ்சினே விடை சொல்லிவிடும். அதற்குக் கருணை மதிப்பெண் போடத் தெரியாது.

சிலிண்டர் போரிங்கும் கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங்கும் இயந்திரப் பட்டறையில்தானே செய்கிறார்கள், பிறகு சொந்தக் கை என்ன என்பர் சிலர். தன் கைக்கு எட்டுவது எது, பிறர் கையில் தரவேண்டியது எது என்று பிரித்தறிவதும் அறிவே. மின்வண்டிகள் பெருகிவரும் நாளில் பெட்ரோல் எஞ்சின் எதற்கு என்பர் வேறு சிலர். எஞ்சின் போகலாம். அளந்து பார்ப்பது, வரிசை தவறாமல் செய்வது, காரணம் தெரியாமல் அடுத்த அடி வைக்காதிருப்பது ஆகிய பழக்கங்கள் எந்தக் காலத்திலும் பழசாவதில்லை.

ஆனால் என்னை வருத்துவது வேறு. இவ்வளவும் அறிந்த ஒரு மேஸ்திரியின் மகன், கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதியதை என் கண்ணால் கண்டேன். அவனை நான் குறை சொல்லமாட்டேன். கிரீஸ் படிந்த கையைக் கண்டால் முகம் சுளிக்கும் சமுதாயம்தான் அவனை அப்படி எழுத வைத்தது. தொழிற்சாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த பிள்ளைகளே தந்தையின் கையை மறைக்க வேண்டியிருந்தால், நாம் பெறும் பட்டம் எதற்கு?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நம் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு பழைய எஞ்சினையாவது மாணவர் பிரித்துப் பூட்ட ஏற்பாடு செய்யலாம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியராக அழைத்து, ஆண்டு விழா மேடையில் பேராசிரியர் வரிசையிலேயே நாற்காலி போடுவோம். அதன் பிறகு தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘மெக்கானிக்’ என்று எழுத எந்த மாணவன் தயங்குவான்?

— இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்