குழந்தையின் உயிரா? குடும்ப மானமா?

எச்.ஐ.வி. கிருமியோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், "முன்ஜென்மப் பாவம்" என்று ஒரு கூட்டத்தார் சொல்லுகிறார்கள். "பெற்றவர்களின் ஒழுக்கக்கேடு" என்று மற்றொரு கூட்டத்தார் சொல்லுகிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே கடைச் சரக்கு என்றுதான் நாம் சொல்லுவோம்.

பாவத்தினால் வந்த நோயானால் அது மாத்திரைக்குப் பயந்து ஓடுமா? கர்ப்பத்திலும், பிரசவத்திலும், தாய்ப்பாலிலும் இக்கிருமி பிள்ளைக்குத் தொற்றுகிறது. ஒன்றும் செய்யாமலிருந்தால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றும்; தாய்க்கு ஒழுங்காக மருந்து கொடுத்தால் 5-க்கும் கீழே இறங்கிவிடும். 2015-ல் கியூபாவும், 2016-ல் தாய்லாந்தும், 2019-ல் இலங்கையும் இவ்விதத் தொற்றை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றன. அப்படியானால், கர்மபலன் அந்நாட்டுக் குழந்தைகளை மாத்திரம் மன்னித்துவிட்டதா?

நிற்க, இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையிலேதான். 2004 முதல் சர்க்கார் இலவசமாக மருந்து கொடுத்து வருகிறது. பிறந்த ஆறாவது வாரத்திலேயே பிள்ளையைச் சோதித்துவிடலாம். சிகிச்சையில்லாவிட்டால் கிருமி தொற்றிய குழந்தைகளில் பாதிப்பேர் இரண்டு வயதைக் காணமாட்டார்கள். ஆனாலும் 2023-ல் உலகத்தில் சிகிச்சை பெற்று வந்தவர்கள், பெரியவர்களில் 100-க்கு 77 பேரானால், குழந்தைகளில் 57 பேர்தான். ஏன் இந்தப் பேதம்? பெரியவன் தன் காலால் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகலாம். குழந்தையை ஒருவர் தூக்கிக்கொண்டு போகவேண்டும். தூக்க வேண்டிய கையைத்தான் "நாலுபேர் என்ன சொல்லுவார்களோ" என்கிற பயம் கட்டிப்போடுகிறது.

பிழைத்து வளரும் பிள்ளைக்காவது உண்மையைச் சொல்லுகிறார்களா? அநேக வீடுகளில் அதுவும் இல்லை. "சத்து மாத்திரை" என்று சொல்லி விழுங்க வைக்கிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதில், "எனக்குத்தான் உடம்புக்கு ஒன்றுமில்லையே, இது எதற்கு?" என்று அப்பிள்ளை மாத்திரையை நிறுத்திவிடுகிறது. கிருமி பெருகுகிறது, பழைய மருந்துக்கு அடங்காமலும் போய்விடுகிறது. பள்ளி வயதிலேயே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக் கிருமி இரத்தத்தில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவினால் பிறருக்குத் தொற்றுவதில்லை. இந்த நல்ல சேதியை வாலிபப் பிள்ளையிடம் மறைப்பதற்குப் பெயர் ஒழுக்கமா?

தென்னாப்பிரிக்காவில் 12 வயதுப் பிள்ளை தானே சம்மதித்துச் சோதனை செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கோ 18 வயது வரையில் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். எந்த மகன், எந்த மகள் தகப்பனாரிடம் போய் இதைக் கேட்கத் துணிவார்கள்?

இந்நோயாளிகளைப் பள்ளிகளில் ஒதுக்கக்கூடாதென்று 2017-ல் இயற்றிய சட்டம் 2018-ல் அமுலுக்கு வந்தது. சட்டம் கதவைத் திறக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தால் தொற்றாது என்கிற அறிவைப் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் பெற்றோருக்கு யார் கொடுப்பது?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். கர்ப்பிணிக்கு மட்டுமின்றி அவள் புருஷனுக்கும் சோதனை செய்யுங்கள். பிறந்த பிள்ளையை ஆறாவது வாரத்தில் கொண்டு வாருங்கள். வளரும் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் உடலறிவைக் கூசாமல் கற்பியுங்கள். வாலிபர் தாமே வந்து சோதித்துக்கொள்ளச் சட்டத்தைத் திருத்துங்கள்.

மருந்து இருந்தும் ஒரு குழந்தை செத்தால் அதைக் கொன்றது கிருமியல்ல, நம்முடைய வெட்கமே. பிள்ளையைப் பலி கொடுத்துக் காப்பாற்றும் மானம் யாருக்கு வேண்டும்?