தராசைக் கம்ப்யூட்டரோடு இணைக்கலாமா?

திருநகர், திருப்பரங்குன்றம், திருமங்கலம் பகுதிகளிலுள்ள மளிகைக் கடைக்காரர்கள் பலரும் அண்மைக் காலமாக எங்களைப் பார்க்கும்போது ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். ரேஷன் கடையில் தராசைப் பில் போடும் கருவியோடு இணைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் கடைக்கும் ஆட்கள் வந்து, 'தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தருகிறோம், எடை தானாகப் பதிவாகும்' என்கிறார்கள். செய்யலாமா, வேண்டாமா என்பதே கேள்வி.

செய்யலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் விற்க வருகிறவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அவர் 'வேலையாள் ஏமாற்ற முடியாது' என்று சொல்லித்தான் விற்கிறார். இருபது முப்பது வருடம் நம்மோடு உழைக்கிறவரைத் திருடனாக நினைத்துக்கொண்டு ஒரு இயந்திரம் வாங்குவது வியாபாரத்துக்கு அழகல்ல. இதில் வேறு நன்மை இருக்கிறது. அதற்கு முன் ரேஷன் கடையில் நடந்ததைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2015இல் வகுத்த விதிகளை மத்திய அரசு 2021 ஜூன் மாதத்தில் திருத்தியது. விற்பனை முனையக் கருவியோடு மின்னணுத் தராசை இணைக்க மாநிலங்களுக்கு ஊக்கம் கொடுப்பது அத்திருத்தத்தின் நோக்கம். ஆந்திர மாநிலம் இதில் நமக்கு முன்னோடி. தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டில் இது பரவலாக வந்தது. தராசில் ஏற்றிய எடை புளூடூத் வழியாகக் கருவிக்குப் போகும். கார்டுக்கு உரிய எடை வந்தால்தான் பில் வெளியே வரும்.

ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நேரம் அதிகம் பிடிக்கிறது, வரிசையில் நிற்கிறவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்பது ஒரு காரணம். அவர்கள் சொன்ன இன்னொரு காரணம்தான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது: கிட்டங்கியிலிருந்து கடைக்கு வருகிற மூடையை யாரும் சரியாக எடை போட்டுத் தருவதில்லை, வெளியே போகிற அரிசிக்கு மட்டும் கிராம் கணக்குப் பார்த்தால் அந்தக் குறைவை யார் தலையில் கட்டுவது? நியாயமான கேள்வி. 50 கிலோ அரிசி பிடிக்கும் புதுச் சணல் சாக்கின் எடை 580 கிராம் என்று கணக்கு. மூடை மொத்தம் 50 கிலோ 580 கிராம் இருந்தால்தான் உள்ளே அரிசி 50 கிலோ. சாக்கோடு சேர்த்து 50 கிலோ என்று இறக்கிவிட்டுப் போனால் இருபது மூடைக்குப் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல் துண்டு விழும். எத்தனை இயந்திரம் வைத்தாலும் அந்த அரிசி திரும்பி வராது.

ஆகவே நாம் இணைப்பதானால் கல்லாவுக்கு முன்னால் இருக்கும் தராசிலிருந்து தொடங்கக் கூடாது. சரக்கு இறங்குகிற இடத்திலுள்ள மேடைத் தராசிலிருந்து தொடங்க வேண்டும். மிளகாய் வற்றல், புளி, வெல்லம், மல்லி எல்லாம் இறக்கிய அன்று ஒரு எடை, நாற்பது நாள் கழித்து ஒரு எடை. சித்திரை, வைகாசி வெயிலில் மதுரைக் கிட்டங்கியில் கிடக்கும் வற்றல் எவ்வளவு காயும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதைக் காட்ட நம்மிடம் எழுத்து இல்லை. இறங்கிய நாளின் எடை, தேதியும் நேரமுமாகப் பதிவில் இருந்தால், சேதாரம் எது, காய்ந்த குறைவு எது, கமிஷன் மண்டியிலேயே குறைந்து வந்தது எது என்று பிரித்துச் சொல்லலாம்.

இந்த ஏற்பாடு கடைகளுக்கு மட்டும் உரியது அல்ல, சோதனைச்சாலைகளிலும் இருக்கிறது. அது நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று நினைக்க வேண்டாம். நம் கடையில் எடுக்கிற மல்லித்தூள், மிளகாய்த்தூள் மாதிரி உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குத்தான் போகிறது. மதுரையிலேயே அரசின் கூடம் ஒன்று இருக்கிறது. தூளை எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு என்பதை எடை போட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இந்த வேலைக்குரிய தராசு ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கிக் காட்டும். அதில் 2.0384 என்று தெரிந்ததைக் காகிதத்தில் 2.0834 என்று கை தவறி எழுதிவிட்டால், நல்ல சரக்கும் கெட்ட சரக்காகிவிடும்; கடைக்காரர் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். தராசு காட்டியதை மனிதக் கை தொடாமல் நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். மருந்துக் கம்பெனிகளின் மின்னணுப் பதிவுகள் எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இலேயே விதி வகுத்தது. யார், எப்போது பதிந்தார், பிறகு யாராவது மாற்றினார்களா என்பது தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். மளிகைக் கடைக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம். ஆனாலும் எட்டு எழுதும்போது மூன்றாகிப்போவது நம் கணக்குப்பிள்ளை கையிலும் நடக்கிறதுதானே?

இணைப்பது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. பெரும்பாலான மின்னணுத் தராசுகளின் பின்புறம் ஒன்பது ஊசி கொண்ட ஒரு துளை இருக்கும். ஆர்.எஸ்.232 என்று அதற்குப் பெயர். 1960களில் வந்த பழைய முறை. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, பொதுவான கம்பி ஒன்று, ஆக மூன்று கம்பி போதும். இப்போதைய கம்ப்யூட்டரில் அந்தத் துளை இல்லாததால் யு.எஸ்.பி. மாற்றி ஒயர் ஒன்று வேண்டும். அது சில நூறு ரூபாய்தான். தராசு எந்த வேகத்தில் அனுப்புகிறதோ அதே வேகத்தில் கம்ப்யூட்டரும் வாங்க வேண்டும். 2400, 9600 என்று எண்களில் சொல்வார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எடைக்குப் பதில் கோணல் எழுத்துகள் வரும். பயப்பட வேண்டாம், தராசு கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒயரைப் பதினைந்து மீட்டருக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. மாவு மில் வைத்திருப்பவர்கள் மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகக் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவும் இப்போது தைரியமாகச் சொல்கிறோம். தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு கௌரவமானது அல்ல.

எங்கள் கிட்டங்கியில் மேடைத் தராசை இணைத்த முதல் மாதம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து கொள்முதல் செய்கிறவர், துவரம் பருப்பு மூடை ஒன்றில் முக்கால் கிலோ குறைகிறது என்று போன் செய்தார். 'அண்ணாச்சி, எடை கம்ப்யூட்டர் போட்டது, மனுசன் போட்டதில்லை' என்று பதில் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அடுத்த வாரம் சரக்கு கேட்டு ஆள் வரவில்லை. அதற்குள் எங்களுக்கு வேறொரு சந்தேகம் வந்து, மூடை ஏற்றுகிற லோடுமேன் ஒருவரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் விசாரித்தோம். அவர் முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பிறகுதான் பதிவேட்டைத் திறந்து வரிசையாகப் பார்த்தோம். அடுத்தடுத்த இரண்டு மூடைக்கு ஒரே எடை, கடைசி பத்து கிராம் வரை மாறாமல் பதிவாகியிருந்தது. அந்த மாதத்தில் அப்படி மூன்று இடம். எந்தப் பருப்பு மூடையும் இன்னொன்றோடு இவ்வளவு பொருந்தாது. நடந்தது இதுதான்: தராசு ஒரு விநாடிக்குப் பல தடவை எடையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கும்போது வரிசையில் பழையதாகக் கிடந்த எண்ணை எடுத்துப் பில்லில் போட்டிருக்கிறது. முந்தைய மூடையின் எடை அடுத்த மூடைக்கு வந்துவிட்டது. தராசு சரி, லோடுமேன் சரி, எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் தப்பு.

உசிலம்பட்டிக்கு நாங்களே நேரில் போய், அவர் தராசில் அவர் முன்னால் இன்னொரு மூடையையும் போட்டுப் பார்த்து, குறைந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். லோடுமேனிடமும் அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டோம். அவர் 'போகட்டும் முதலாளி' என்றார். ஆனால் அன்று மத்தியானம் எங்களோடு டீ குடிக்க வரவில்லை.

எனவே இணைக்கச் சொல்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. எடை ஆடி நின்ற பிறகுதான் பதிவாகுமா, ஒரு மூடையை இறக்கித் தராசு பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த எடையை வாங்குமா என்று கேளுங்கள். நல்ல தராசு, எடை நிலைத்துவிட்டதா இல்லையா என்பதையும் ஒரு குறியாகச் சேர்த்தே அனுப்பும். அந்தக் குறியைப் பார்க்காத புரோகிராமை வாங்காதீர்கள். கரண்டு போய்க் கையால் எடையைத் தட்டினால் அது கையால் தட்டியது என்று பதிவில் தனியே தெரிய வேண்டும். சாக்கு எடை, மொத்த எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். இரண்டு புளூடூத் தராசு வைத்திருப்பவர்கள் ஒன்றின் எடை மற்றதன் பில்லுக்குப் போகாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்துவிட வேண்டும். பதிவு நம் கடையிலேயே இருக்கிறதா, விற்றவருடைய ஊரில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மாதச் சந்தா கட்டத் தவறினால் நம் கணக்கை நாமே பார்க்க முடியாது என்கிற நிலை வரக் கூடாது.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் தராசைத் திருத்தாது. கோணல் தராசை இணைத்தால் கோணல் எடையை அழகாக அச்சடித்துத் தரும், அவ்வளவுதான். கடைகளில் இருக்கும் தராசுகள் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு. 30 கிலோ வரை ஏற்றி, ஐந்து கிராம் படியாகக் காட்டும் தராசு என்றால், முத்திரை போடும்போது இரண்டரைக் கிலோ வரை இரண்டரை கிராமும், பத்துக் கிலோ வரை ஐந்து கிராமும், அதற்கு மேல் ஏழரை கிராமும் முன்பின் இருக்கலாம். கடையில் பயன்பாட்டில் இருக்கும்போது அதில் இரு மடங்கு வரை ஏற்கத்தக்கது. அதே தராசில் 100 கிராமுக்குக் குறைவாக நிறுக்கவே கூடாது. 50 கிராம் ஏலக்காயையும் 25 கிராம் கிராம்பையும் அதில் போட்டால் கம்ப்யூட்டர் 0.050 என்று பில் தரத்தான் செய்யும். ஆனால் அந்த எடை நம்பத்தக்கது அல்ல. சில்லறை வாசனைச் சாமானுக்குத் தனிச் சிறு தராசு அவசியம். ஏலக்காய் விற்கிற விலையில் இரண்டு கிராம் என்பது சின்ன விஷயமா?

முத்திரை விஷயமும் அப்படியே. 2009 சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகளின்படி எடைக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை. மின்னணுத் தராசுக்கு வருடந்தோறும். பழைய பழக்கத்தில் இரண்டு வருடம் என்று நினைத்துக்கொண்டு அபராதம் கட்டியவர்கள் நம்மில் உண்டு. கம்ப்யூட்டரோடு இணைக்கிறேன் என்று வருகிறவர் தராசைத் திறந்து முத்திரையை உடைத்துவிட்டால் மறுபடி முத்திரை வாங்காமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது. பின்புறத் துளையில் ஒயர் சொருக முத்திரையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சின்னக் கடைக்காரர் ஒவ்வொருவரும் இதற்குச் செலவு செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பில் போடும் கடைக்கு முத்திரையுள்ள நல்ல தராசும் வாடிக்கையாளருக்குத் தெரிகிற திரையும் போதும். நாள் முழுக்கச் சில்லறையாக நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற கடைகளுக்கும், மொத்த வியாபாரிகளுக்கும், கிட்டங்கி வைத்திருப்பவர்களுக்கும்தான் இணைப்பு உதவும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோவுக்கு உட்பட்ட, முன்கூட்டிக் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புச் சிப்பங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பம் பிறந்த கதை நமக்குத் தெரியும். வரியையே எடை தீர்மானிக்கும்போது அந்த எடைக்கு ஒரு பதிவு நம் கையில் இருப்பது தற்காப்பு.

சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கற்கள் ஐந்தும், சிறு கற்கள் ஒரு செட்டும் சங்கமே வாங்கி வைக்கலாம். மாதம் ஒரு முறை உறுப்பினர்கள் எடுத்துப்போய்த் தங்கள் தராசைத் தாங்களே சோதித்துக்கொள்ளலாம். மேடைத் தராசின் நடுவில் மட்டும் வைத்துப் பார்க்காமல் நான்கு மூலையிலும் கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் எடை மாறுகிற தராசுகள் நிறைய இருக்கின்றன. தொழிலாளர் துறையினரைக் கேட்டுத் திருநகரிலேயே முத்திரை முகாம் ஒன்றும் வருடந்தோறும் நடத்தினால், கடையைப் பூட்டிவிட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு அலைவது மிச்சமாகும்.

எங்கள் கிட்டங்கியில் இப்போது ஒவ்வொரு மூடையோடும் எடைச் சீட்டு ஒன்று வைத்துத் தைத்து அனுப்புகிறோம். உசிலம்பட்டிக்காரர் திரும்பவும் சரக்கு எடுக்கிறார். சீட்டைப் பார்த்துவிட்டு, மூடையைத் தன் தராசிலும் ஒரு முறை போட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே அடுக்குகிறார்.